வன்னியை வன்னிப் பிள்ளைகள் வரையட்டும்

போர்ப் படங்களாகவே உலகம் கண்ட நிலம் இது. இங்கே பிறந்து வளரும் மாணவர்கள் தங்கள் குளத்தையும் வயலையும் வளவையும் நேரே பார்த்து வரையத் தொடங்கினால் ஊருக்கு என்ன கிடைக்கும்?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் வெள்ளைத்தாளையும் பஸ்டல் பெட்டியையும் கொடுத்து, “உன்ர ஊரைக் கீறு” என்று சொல்லிப் பாருங்கள். முதலில் இரண்டு முக்கோண மலைகள் எழும்பும். நடுவில் அரைவட்டச் சூரியன். மலையடியிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. கரையில் சாய்ந்த தென்னை, ஓடு போட்ட வீடு, வானத்தில் நாலைந்து பறவைகள். கிளிநொச்சியிலும் துணுக்காயிலும் செட்டிகுளத்திலும் பெரும்பாலும் இதே படம்தான் வரும்.

வன்னியில் அப்படி மலை இல்லை. குருந்தூர்மலை, ஒதியமலை என்று பெயரில் மலை தாங்கிய இடங்கள் உண்டு. அவை காட்டுக்குள் கிடக்கும் பாறைக் குன்றுகள். மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் மட்டமான நிலம். காடு முடியும் இடத்தில் குளம், குளத்துக்குக் கீழே வயல், வயலோரம் வீடு. அந்தப் பிள்ளை நாள்தோறும் குளக்கட்டால்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறது. ஆனாலும் தாளில் குளக்கட்டு வருவதில்லை.

பிள்ளையில் பிழை இல்லை. கொப்பி அட்டையும் நாட்காட்டியும் கடையில் விற்கும் வர்ணம் தீட்டும் புத்தகமும் சேர்ந்து, ‘படத்துக்கு ஏற்ற ஊர்’ வேறெங்கோ இருக்கிறது என்று அதற்குப் பழக்கிவிட்டன. தன் ஊர் படத்தில் வரத் தகுந்தது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது. வேறெந்த நிலத்துப் பிள்ளைகளையும் விட வன்னிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்வது அவசரம். ஏனென்றால், இந்த நிலத்தின் படங்களை இதுவரை எடுத்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள்.

பிறர் எடுத்த படங்கள்

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. அந்த நாட்களில் வீழ்த்தப்பட்ட பெரிய தண்ணீர்த் தாங்கி ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்தது. போர் முடிந்து வீதி திறந்ததும் தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். ஓர் ஊரின் குடிதண்ணீர் நின்ற இடம் பார்வையாளர்களுக்குக் காட்சிப்பொருளாயிற்று. கிளிநொச்சி என்றால் அந்தக் கொங்கிரீட் சிதைவுதான் என்று ஒரு தலைமுறை வெளியூர்க்காரர் மனதில் பதிந்துபோனது.

அதே ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, ஏறக்குறைய 3 இலட்சம் பேர் முகாம்களுக்குள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோரை அடைத்துவைத்த இடம் செட்டிகுளத்து மெனிக்பாம். வரிசை வரிசையான வெள்ளைத் தறப்பாள் கூடாரங்களை ஆகாயத்திலிருந்து எடுத்த படம் உலகப் பத்திரிகைகள் பலவற்றிலும் வந்தது. கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற 2012 செப்டெம்பர் ஆயிற்று. அதன்பின் மீள்குடியேற்றக் காலம். நிறுவனங்களின் அறிக்கை அட்டைகளில் வன்னிப் பிள்ளைகளின் முகங்கள் வந்தன. கையில் தண்ணீர்ப் போத்தல், பின்னால் தகரக் கொட்டில், கமராவை நேரே பார்க்கும் கண்கள்.

அந்தப் படங்கள் பொய் அல்ல. அவை சாட்சிகள், காக்கப்பட வேண்டியவை. ஆனால் சாட்சிப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஊர் தன்னைப் பற்றி எண்ண முடியாது. தன் பிள்ளைகள் எந்த நிழலில் விளையாடுகிறார்கள், எந்த மரத்தில் பாலைப்பழம் பறிக்கிறார்கள், மாரியில் எந்த ஒழுங்கை வெள்ளத்தில் மூழ்கும் என்பதும் அந்த ஊரின் வரலாறுதான். அதை எடுக்க எந்தக் கமராவும் வரவில்லை. போர் முடிந்த ஆண்டில் பிறந்தவர்கள் இன்று பள்ளிப் படிப்பின் மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள். தாங்கள் பிறந்த ஆண்டின் படங்களை அவர்கள் கைபேசியில் பார்த்திருக்கிறார்கள். தாங்கள் வளர்ந்த ஊரின் படத்தை அவர்கள்தான் இனி உண்டாக்க வேண்டும்.

ஞாபகத்திலிருந்து ஒரு வீடு

இதற்கு எங்களிடமே ஒரு முன்மாதிரி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் ஓவியர் தாமோதரம்பிள்ளை சனாதனன் 2011இல் ‘முழுமையற்ற தோம்பு’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். போரினால் வீடிழந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போய், விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து தரச் சொன்னார். தமிழரும் முஸ்லிம்களும் வரைந்தார்கள். ஓவியப் பயிற்சி இல்லாத கைகள். அவர்கள் இழுத்த கோணல் கோட்டை வரைபடக் கலைஞர் அளவுப்படி நேராக்கினார். அதன் பக்கத்தில் சனாதனன் தன் சித்திரத்தை வைத்தார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணிகளைப் பதிந்து வைத்த ஏடு தோம்பு. அரசின் ஏட்டில் அகப்படாத வீடுகளை மக்களின் கையெழுத்தில் பதிந்த ஏடு இது.

அந்த நூல் ஒன்றைத் தெளிவாகக் காட்டிவிட்டது. வீட்டைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: “நல்ல வீடு, பெரிய வளவு, எல்லாம் போச்சு.” வரையச் சொன்னால் கதை மாறுகிறது. கிணறு எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டும். குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவே எத்தனை எட்டு என்று கணக்குப் பார்க்க வேண்டும். கை நகர நகர மறந்துபோனவை எல்லாம் எழும்பி வரும்.

பள்ளிக்கூடத்தில் இதையே செய்யலாம். “உன் அம்மம்மா இருந்த பழைய வளவைக் கேட்டு வரைந்து வா” என்று ஒரு வீட்டுப் பயிற்சி கொடுத்தால் போதும். பின்னேரம் திண்ணையில் பேச்சு இப்படித்தான் போகும்:

“அம்மம்மா, எங்கட பழைய வீட்டுப் படலை எந்தப் பக்கம் இருந்தது?”

“கிழக்காலதான் மோனை. படலையோட ஒரு வேம்பு நிண்டது, அதையும் போடு.”

“கிணறு?”

“கிணறு பின்னுக்கு. இஞ்ச தா பென்சிலை, நான் காட்டுறன்.”

பாட்டியின் கை அந்தத் தாளில் விழும் கணத்தில் படம் இருவருக்கும் சொந்தமாகிவிடுகிறது. பல வீடுகளில் போரைப் பற்றிப் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. பிள்ளைகளுக்கும் கேட்கத் தெரிவதில்லை. படலையையும் வேம்பையும் பற்றி யாரும் பேசலாம். அதிலிருந்து எவ்வளவு தூரம் போவது என்பதை அந்த வீடே முடிவு செய்துகொள்ளும்.

சித்திரப் பாடமும் போட்டியும்

இலங்கைப் பாடசாலைகளில் சித்திரம் அழகியல் பாடங்களில் ஒன்று. சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவற்றுடன் மாணவர் தெரிந்தெடுக்கும் பாடமாகக் க.பொ.த. சாதாரண தரம் வரை அது வருகிறது. பொருட்கூட்டம் வரைகிறார்கள், அலங்கார வடிவம் செய்கிறார்கள், சீகிரிய ஓவியங்களையும் களனி விகாரையில் சோலியஸ் மென்டிஸ் தீட்டிய சுவரோவியங்களையும் படிக்கிறார்கள். எல்லாம் நல்லவைதான். ஆனால் வகுப்பறைக் கதவைத் தாண்டி, நூறு யார் தள்ளி நிற்கும் மருத மரத்தின் கீழே உட்கார்ந்து வரையும் பாடவேளை எத்தனை பள்ளிகளில் நடக்கிறது?

இன்னொரு தடை போட்டி. உலக சுற்றாடல் தினம், சிறுவர் தினம், நீர் தினம் என்று ஆண்டு முழுக்கச் சித்திரப் போட்டிகள் வருகின்றன. தலைப்பு மேலிருந்து வரும். பரிசு வாங்கும் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று: உலக உருண்டையைத் தாங்கும் இரண்டு கைகள், பாதி பச்சையும் பாதி கருகலுமாக ஒரு மரம், மேலே வெண்புறா. பழக்கிய கையால் திரும்பத் திரும்ப அதையே வரைந்து பிள்ளை சான்றிதழ் வாங்கி வருகிறது. சான்றிதழ் பெட்டிக்குள் போகிறது. ஊரில் ஒருவரும் அந்தப் படத்தைக் கண்டதில்லை.

வடக்கில் ஓவியம் கற்பித்த முன்னவர்கள் இதற்கு மறுபக்கம் நின்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் பிரதம சித்திரப் பரிசோதகராக இருந்த சார்ள்ஸ் வின்சர் பள்ளிக்கூடச் சித்திரத்துக்குப் புதுவழி காட்டியவர். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த டபிள்யூ. ஜே. ஜி. பீலிங், பின்னாளில் ‘43 குழு’ ஓவியர்களில் ஒருவரானார். அந்தச் சூழலில்தான் யாழ்ப்பாணத்தில் சித்திர ஆசிரியர் எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார். பள்ளிக்கூட ஆசிரியர்கள் கூடித் தங்கள் மண்ணின் காட்சிகளையும் மனிதர்களையும் தீட்டிய கழகம் அது. அந்த மரபின் பிற்கால ஆசான் ஆ. மாற்கு (1933–2000). தேடல்தான் ஓவியம் என்று நம்பிய அவர், யாழ்ப்பாணத்து இளையவர்கள் பலருக்கு வழிகாட்டியாக வாழ்ந்தார்.

இன்றைய கலைஞர்களிடமும் அந்த இழை அறவில்லை. கிளிநொச்சியிலிருந்து இயங்கும் ஹேமா ஷிரோனி, துணியில் ஊசி நூலால் வீட்டையும் இடப்பெயர்வையும் தைக்கிறார். ஜஸ்மின் நிலானி ஜோசப் வேலிகளையும் ஆளில்லாத வீடுகளையும் பேனாக் கோடுகளால் நுணுக்கமாக வரைகிறார். வேலியும் தையலும் எங்கள் வீடுகளில் எந்நாளும் இருப்பவை. அவை உலகக் காட்சிக்கூடங்களுக்குப் போகலாம் என்றால், ஒட்டுசுட்டான் பிள்ளையின் தாளுக்கும் வரலாம்.

குளக்கட்டில் ஒரு பாடவேளை

வன்னியை வரைவது எளிதல்ல. அதனால்தான் அது நல்ல பள்ளிக்கூடம்.

தை மாதத்துக் காலைப்பொழுதில் ஒரு வகுப்பைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போனால் முதலில் எழும் சிக்கல் இதுதான்: வரைய என்ன இருக்கிறது? மலை இல்லை, கோபுரம் இல்லை. தாளின் குறுக்கே ஒரு நீண்ட கோடு. அதுதான் எதிர்க்கரைக் காடு. மேலே முழுக்க வானம். மட்ட நிலத்தில் வானம் எவ்வளவு பெரியது என்பதைப் பிள்ளை அப்போதுதான் கண்டுகொள்ளும். அந்தக் கோட்டைத் தாளின் நடுவில் போட்டால் படம் இரண்டாகப் பிளந்து நிற்கும். கீழே இறக்கினால் முகில் நிறையும். மேலே ஏற்றினால் தண்ணீர் நிறையும். அமைப்பு என்று பாடப்புத்தகம் சொல்வதை அந்த ஒரு கோடு கற்பித்துவிடும்.

பிறகு கண் சின்னச் சின்ன விடயங்களுக்கு இறங்கும். துருசின் மேல் நிற்கும் இரும்புத் திருகு, அதன் துரு. திருகைத் திருப்பியதும் வாய்க்காலுக்குள் நுரைத்துப் புறப்படும் தண்ணீர். தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள். அவற்றின் உச்சியில் இறக்கையை விரித்துக் காயவிடும் நீர்க்காகம். வான் பாயும் இடத்தில் தூண்டிலோடு நிற்கும் பொடியன்கள். அலைகரையில் மாடுகள் மிதித்த குளம்புக் குழிகள், ஒவ்வொன்றிலும் தேங்கிய வானத்துண்டு. கட்டுக்குக் கீழே காலபோக வயல். அதைப் பச்சை என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. பிந்தி விதைத்த வயலில் இளம்பச்சை. முந்தி விதைத்ததில் கரும்பச்சை. மேட்டு வரம்போரம் வெளிறிய மஞ்சள் கலந்திருக்கும். பஸ்டல் பெட்டியில் இருப்பது இரண்டே இரண்டு பச்சை. மிச்சத்தைப் பிள்ளைதான் கலந்து எடுக்க வேண்டும்.

ஆவணியில் அதே வகுப்பு அதே இடத்துக்கு வரவேண்டும். தண்ணீர் நடுக்குளத்துக்குப் பின்வாங்கியிருக்கும். அடிநிலம் வெடித்துக் கிடக்கும். மாரியில் கண்ட படத்தின் பக்கத்தில் கோடைப் படத்தை வைத்தால், தன் ஊர் எப்படி மூச்சுவிடுகிறது என்று மாணவருக்குத் தெரியும். கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீரைத் தேக்கும் இரணைமடுவில் 2018 டிசம்பரில் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, வெள்ளம் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இடம்பெயர வைத்தது. குளத்தைக் கூர்ந்து பார்த்து வரைந்து பழகிய பிள்ளை, நாளை அதன் கட்டைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் எழுந்து கதைக்கும்.

குளம் ஒரு தொடக்கம் மட்டுமே. முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளைக்கு வெள்ளை மணலும் இழுத்துவைத்த வள்ளங்களும் உண்டு. வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கேற்றி, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குக் கொண்டுபோகும் வழிபாடு நந்திக்கடலோரத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் காண்பது. முள்ளியவளைக் கோவலன் கூத்தின் உடுப்பும் முடியும் நிறங்களின் களஞ்சியம். பண்டார வன்னியன் 1803 ஒக்டோபர் 31இல் தோற்றதைச் சொல்லும் கற்சிலைமடுக் கல், வவுனியாக் கச்சேரி முன்னால் நிற்கும் அவன் சிலை, புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலுக்கு நேர்த்தியோடு போகும் கூட்டம், நீராவிப்பிட்டிப் பள்ளிவாசல், விசுவமடுவின் மிளகாய்த் தோட்டம் என்று ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிப் படம் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வன்னி ஒரே வகை மக்களின் நிலம் அல்ல. தலைமுறை தலைமுறையாகக் குளத்தோடு வாழ்ந்தவர்கள், குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், இனக்கலவரங்களால் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கமமாக்கியவர்கள், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய முஸ்லிம்கள், வவுனியா தெற்கின் சிங்களக் கிராமத்தவர் என எல்லோருக்கும் இது ஊர். மலையக வழிவந்த குடும்பத்துப் பிள்ளை தாளில் மலையை வரைந்தால் அது தாத்தாவின் தேயிலை மலையாக இருக்கலாம். அழிக்கச் சொல்லாமல் எங்கே இருந்த மலை என்று கேட்கும் ஆசிரியர் வேண்டும்.

ஒரே அச்சில் வார்த்த வீடுகள்

மீள்குடியேற்றத்துக்குப் பின் வன்னியின் முகத்தை மாற்றியது வீட்டுத்திட்டம். இந்திய வீட்டுத்திட்டம் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளுக்கானது; புது வீடு கட்டிய பயனாளிகளுக்குத் தலா 550,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. பெரும்பாலும் பயனாளிகளே நின்று வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். போதாத காசுக்கு நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் கட்டினார்கள். வீதியால் போகிறவருக்கு எல்லா வீடும் ஒரே அச்சாகத் தெரியும்.

உள்ளே வாழும் பிள்ளைக்கு அப்படித் தெரியாது. ஒரு வீட்டில் முன்னுக்குத் தகரம் இறக்கிச் சின்னக் கடை. அடுத்ததில் பூசாத சுவரில் கரியால் எழுதிய தொலைபேசி இலக்கம். இன்னொன்றில் பழைய தறப்பாள் கோழிக்கூட்டுக்குக் கூரையாகியிருக்கும். படலையில் செவ்வரத்தை, மூலையில் ஒரு கறிவேப்பிலை, வாசலில் லாண்ட்மாஸ்டர். ஒரு ஒழுங்கையில் உள்ள எல்லா வீடுகளையும் ஒரு வகுப்புப் பிரித்தெடுத்து, ஆளுக்கொன்றாக வரைந்து, நீண்ட தாளில் வரிசையாக ஒட்டினால் திட்ட இலக்கம் மட்டும் இருந்த ஒழுங்கை முகம் பெற்றுவிடும். நில அளவைத் திணைக்களமும் செய்யாத வேலை அது.

போர் தாளில் வந்தால்

ஆசிரியர்கள் தயங்குவது இங்கேதான். பிள்ளை ஹெலிகொப்டரையோ பங்கரையோ காலில்லாத மாமாவையோ வரைந்தால் என்ன செய்வது? சிலர் அதை மடித்து ஒளித்துவிடுகிறார்கள். வேறு சிலர், வெளியிலிருந்து விருந்தினர் வரும்போது, அப்படித்தான் வரையவேண்டும் என்று தூண்டுகிறார்கள். இரண்டும் பிள்ளைக்கு அநீதி. தானாக வருவதை வரவிட வேண்டும். வராததைக் கேட்கக் கூடாது.

இதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. செக் நாட்டுத் தெரேசின் நகரத்தில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வதிவிடத்தில், ஓவியர் ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் பிள்ளைகளுக்கு இரகசியமாக ஓவியம் கற்பித்தார். ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் பள்ளியில் படித்தவர் அவர். துயரத்தை வரையச் சொல்லிக் கேட்கவில்லை. கோடு, நிறம், அசைவு என்று கலையைக் கற்பித்தார். ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் பெயரை எழுதவைத்தார். பிள்ளைகள் வரைந்தவற்றில் பூக்களும் வீடுகளும் மேசைகளும் நிறைய உண்டு. படுக்கைத் தட்டுகளும் காவலரும் உண்டு. 1944 ஒக்டோபரில் அவர் அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். சுமார் 4,500 படங்கள் இரண்டு பயணப்பெட்டிகளில் தப்பின. இன்று பிராக் நகரத்து யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் திரும்பவில்லை. படத்தின் மூலையில் அவர்கள் எழுதிய பெயர்கள் இருக்கின்றன.

எங்கள் பக்கத்திலேயே மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. போர் நடுவே தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து வரைந்து, களிமண் பிசைந்து, கதை சொல்லி விளையாடிய இடம் அது. அங்கும் மருந்தாக வேலை செய்தது விளையாட்டும் நேரமும்தான். வன்னியின் சித்திர ஆசிரியர் உளவள ஆலோசகராக வேண்டியதில்லை. பிள்ளையின் படத்தைத் திருத்தாமல், சிரிக்காமல், “இதைப் பற்றிச் சொல்லேன்” என்று கேட்கும் ஒருவராக இருந்தால் போதும். தேவை ஏற்படும்போது பயிற்சி பெற்றவரிடம் அனுப்பலாம்.

சுவருக்கு வரும்போது

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின் இலங்கை முழுவதும் இளைஞர்கள் பொதுச் சுவர்களில் ஓவியம் தீட்டத் தொடங்கினார்கள். அந்த அலை வடக்கு நகரங்களுக்கும் வந்தது. விளம்பரத் தாள் கிழிந்து தொங்கிய சுவர்களில் பனையும் உழவும் மரபுக் கலைகளும் ஏறின. சொந்தக் காசில் பெயின்ற் வாங்கி, வெயிலில் நின்று, சம்பளமில்லாமல் செய்த வேலை அது. அந்த ஆர்வத்தை மதிக்க வேண்டும். ஆனால் அவசரத்தில் எழுந்த சுவர்களில் பல, கைபேசியில் தேடி எடுத்த படத்தின் நகல்களாகவே நின்றன. இரண்டு மாரியில் வர்ணம் உரிந்தது. மறுபடி தீட்ட யாரும் வரவில்லை.

சென்னைக் கண்ணகி நகரின் அனுபவமும் கவனிக்கத் தக்கது. நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகளை 2000ஆம் ஆண்டிலிருந்து கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் அது. முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்ற நிலையில் வாழ்ந்தவர்கள். 2020இல் ‘ஸ்டார்ட் இந்தியா’ அறக்கட்டளை அங்கிருந்த அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டச் செய்தது. பார்க்க ஆட்கள் வந்தார்கள். பத்திரிகைகள் அந்த இடத்தைப் பற்றி வேறு தொனியில் எழுதின. சுவரில் ஏறும் நிறத்துக்கு அந்த வலிமை உண்டு. அங்கே தூரிகை பிடித்தவர்களில் பலர் வெளியிலிருந்து வந்த பெயர்பெற்ற கலைஞர்கள். வன்னியில் அந்தத் தூரிகை அதே ஒழுங்கையில் வாழும் மாணவரின் கையில் இருக்கட்டும். சுவர் பிசகினாலும் அது அவர்கள் சுவராக இருக்கும். அடுத்த ஆண்டு அவர்களே மீளத் தீட்டுவார்கள்.

செய்யக் கூடியவை

இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. டிமைத் தாள், கரி, பென்சில் இருந்தால் தொடங்கலாம். வர்ணம் வாங்க வசதியில்லாத பள்ளியில் மண்ணே வர்ணமாகும். ஒழுங்கையின் சிவந்த மண், குளத்தடிக் களி, சுண்ணாம்பு, மஞ்சள், அடுப்புக்கரி ஆகியவற்றை அரித்து, மரப்பசையில் குழைத்தால் தாளில் நன்றாகப் பிடிக்கும். வரையும் ஊர் மண்ணாகவே தாளில் ஏறும்.

சுவரில் வரைவதற்கு முன் மூன்று வேலை முடிய வேண்டும். முதலாவது, ஒரு தவணை முழுக்க நேரே பார்த்து வரைதல். இரண்டாவது, பெரியவர்களிடம் கேட்டல். அந்தச் சந்திக்கு ஏன் அந்தப் பெயர், அந்தக் குளத்தைக் கடைசியாகத் திருத்தியது எப்போது, அந்த மரம் யார் வைத்தது. மூன்றாவது, ஊரைக் கூட்டி வரைவுகளைக் காட்டி எது சுவரில் ஏறவேண்டும் என்று தெரிதல். இந்த மூன்றையும் கடந்த சுவரை ஊரே காவல் காக்கும்.

படங்களை எங்கே வைப்பது என்பதையும் மாற்ற வேண்டும். வலயக் கல்விப் பணிமனையில் நடக்கும் கண்காட்சிக்கு அதிபரும் ஆசிரியரும் பரிசு பெற்றவரின் பெற்றாரும் மட்டும்தான் வருவார்கள். பிரதேச சபை நூலகம், பேருந்து நிலையம், கமக்கார அமைப்பின் களஞ்சியம், கூட்டுறவுக் கடைச் சுவர், கோயில் பொங்கல் நடக்கும் மண்டபம் ஆகிய இடங்களுக்கு எல்லோரும் வருகிறார்கள். தன் பேரன் வரைந்த துருசைப் பார்த்து ஒரு கமக்காரர், “திருகு மற்றப் பக்கமடா தம்பி” என்று சொல்வாரானால், அந்தப் படத்துக்கு அதைவிட நல்ல விமர்சகர் கிடைக்கப் போவதில்லை.

கடைசியாக ஆவணப்படுத்தல். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மாணவரின் பெயர், ஊர், திகதி, எந்த இடத்திலிருந்து பார்த்து வரைந்தது என்ற நாலு விபரமும் இருக்க வேண்டும். பள்ளிக்கூடங்கள் குண்டுவீச்சிலும் இடப்பெயர்விலும் தங்கள் பதிவேடுகளை இழந்த மண் இது. போருக்கு முந்திய வன்னிக் கிராமங்களின் அன்றாடப் படங்கள் எங்களிடம் மிகக் குறைவு. இன்று ஒரு பத்து வயதுப் பிள்ளை வரையும் ஒழுங்கை, 30 ஆண்டு கழித்து அந்த ஊரைப் பற்றி எழுதுகிறவருக்கு முதல்தர ஆதாரமாகும்.

வன்னியின் எல்லாக் கல்வி வலயங்களிலும் சித்திர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதிபர்கள் கொடுக்க வேண்டியது வாரத்தில் ஒரு தொடர் பாடவேளை. வெளியே போக அனுமதி. படம் மாட்ட ஊருக்குள் ஒரு சுவர். புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் வாயில் வளைவுக்கும் விளையாட்டு மைதான மதிலுக்கும் அனுப்பும் காசில் ஒரு சிறு பங்கைத் தாளுக்கும் வர்ணத்துக்கும் ஒதுக்கினால், ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓராண்டுக்குப் போதும். வரும் தையில் காலபோகம் பச்சையாக நிற்கும்போது முதல் வகுப்பு வெளியே இறங்கட்டும். வன்னி எப்படி இருக்கும் என்று உலகம் கேட்டால், அதற்குப் பதில் வரைந்து காட்டும் உரிமை இங்கே வாழும் பிள்ளைகளுக்கே முதலில் உண்டு. அந்த உரிமையை அவர்கள் கையில் கொடுக்க, இந்த ஆண்டே தொடங்குவோம்.